புதர் ரோஜா: வெட்டுவதா, மருந்தடிப்பதா, சும்மா விடுவதா?

தாழ்வாரம்:

வணக்கம். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. அதன் நடுவில், நீளக்காம்பில் ஒற்றைப் பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீ ரோஜா ஒன்று பல ஆண்டுகள் நின்று, நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து பட்டுப்போனது. இனி அந்த வம்பே வேண்டாம், புதர் ரோஜா வைத்துவிடலாம் என்று மூன்று தொட்டிச் செடிகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று சிவப்பு, அட்டையில் ‘நாக் அவுட்’ என்று இருக்கிறது. இன்னொன்று மஞ்சள், ‘கிரஹாம் தாமஸ்’. மூன்றாவதில் அட்டையே இல்லை. இலையெல்லாம் சுருக்கம், தண்டு முழுக்க ஊசி ஊசியாக முள்.

‘கவாத்து வேண்டாம், மருந்து வேண்டாம்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தொடர்மழை விட்டபின் பார்த்தால் சிவப்பிலும் மஞ்சளிலும் அடி இலைகளில் புள்ளி விழுந்து, தொட்டாலே உதிர்கின்றன. மஞ்சள் செடி தோள் உயரத்துக்கு இரண்டு தண்டுகளை நீட்டிவிட்டு உச்சியில் மட்டும் பூக்கிறது. அட்டையில்லாத செடியின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு புதுத்துளிர் வருகிறது, ஏழிலை (ஒவ்வோர் இலைக்காம்பிலும் ஏழு சிற்றிலைகள்). மூன்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மருந்தடித்து, பாத்தியில் நட்டுவிடலாமா?

கத்தரிக்கோல்:

வெட்ட வேண்டாம். இலை உதிர்ந்து இளைத்திருக்கும் செடியை வெட்டினால் அது கையிருப்பையும் செலவழித்துத்தான் துளிர்க்க வேண்டும்.

முழங்கால் உயரம் என்பது ஹைப்ரிட் டீக்கு ஏற்பட்ட கணக்கு. நீளக்காம்பில் ஒற்றைப் பெரிய பூ வேண்டும் என்பவர்கள் துளிர்விடும் கண்களைக் குறைத்து, எஞ்சியவற்றில் சத்தைக் குவிப்பார்கள். புதர் ரோஜாவை அதற்காக யாரும் வளர்ப்பதில்லை. இங்கே பூவின் அளவைவிடச் செடியின் உருவம் முக்கியம். கீழிருந்து உச்சிவரை கிளைத்து, ஒவ்வொரு பக்கக்கிளையின் முனையிலும் கொத்து விட வேண்டும். அந்தக் கிளைகளைச் சுமப்பது பழைய தண்டு. அதை ஆண்டுதோறும் மொட்டையடித்தால் செடி ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும்.

நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை மட்டும் எடுங்கள். பிறகு, செடி ஓய்வில் இருக்கும் காலம் முடிந்து கண்கள் பருக்கத் தொடங்கும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் குறையுங்கள். அதோடு மிகவும் முதிர்ந்த தண்டு ஒன்றை அடியோடு எடுத்துவிட்டால் புதுத்தண்டுக்கு இடம் கிடைக்கும்.

இதெல்லாம் மீண்டும் மீண்டும் பூக்கும் வகைகளுக்கு. ஆண்டுக்கு ஒரே முறை பூப்பவையும் உண்டு. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் என்ற ரோஜா வளர்ப்பாளர் 1961இல் வெளியிட்ட ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ அப்படித்தான். அவை முந்தைய ஆண்டுத் தண்டில் பூப்பவை என்பதால் பூத்து முடிந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். பருவம் தப்பி வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டி எறிந்ததாகிவிடும். உங்களுடைய பெயர் தெரிந்த இரண்டும் திரும்பத் திரும்பப் பூப்பவைதான்.

இலைவைத்தியர்:

மருந்தைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் இலையைப் பாருங்கள், தாழ்வாரம். இரண்டு செடியிலும் ஒரே நோய் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். புள்ளியின் விளிம்பு மை ஊறிய காகிதம்போலப் பிசிறு பிசிறாக இருந்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருந்தால் அது கரும்புள்ளி நோய். விளிம்பு வட்டமாக, தெளிவாக, ஊதா நிறத்தில் இருந்து, நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் செர்கோஸ்போரா இலைப்புள்ளி என்ற வேறொரு பூஞ்சை நோய். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எதுவாக இருந்தாலும் சில விஷயங்கள் பொதுவானவை. கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்து உள்ளே இறங்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் குழாய்நீரைச் செடிமேல் பீய்ச்சுவது இரவு முழுக்க அந்த ஈரத்தைக் கொடுக்கிறது. காலையில் வேரடியில் ஊற்றினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். உதிர்ந்த இலையைச் செடியடியில் விடாதீர்கள். மழைத்துளி தெறிக்கும்போது அதிலிருந்துதான் வித்துகள் மேலே ஏறுகின்றன. அடி இலைகளில் முதலில் வருவதன் காரணமும் அதுதான். மண்மேல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்குப் போட்டால் தெறிப்பு அடங்கும். தண்டோடு ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

மருந்து நோய்கண்ட இலையைக் குணப்படுத்தாது. இனி வரும் இலைக்கு அது ஒரு காப்பு, அவ்வளவுதான். புள்ளி விழுந்தபின் ஓடிப்போய் அடிப்பதில் மனநிம்மதி கிடைக்கலாம்.

சும்மாயிருப்பவன்:

அந்த அட்டை எழுதியவரைப் பிடித்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தோட்டத்தில் நிற்க வைக்க வேண்டும். ‘மருந்து வேண்டாம்’ என்றால் நோயே வராது என்று பொருளில்லை. நோய் வந்தாலும் செடி தாக்குப்பிடித்து மறுபடி இலை விடும் என்பதே பொருள்.

‘நாக் அவுட்’ கதை சுவையானது. அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் கரும்புள்ளி பிடித்த இலைகளைச் சேகரித்து, காயவைத்துப் பொடியாக்கி, தன் நாற்றுகள்மேல் தூவி, மேலிருந்து நீரும் தெளித்து நோயை வரவழைத்தார். பிழைத்ததை வைத்துக்கொண்டார், மற்றதைக் களைந்தார். 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இந்தச் செடி அப்படித் தேறியதுதான். ஆனால் அது தேறியது கரும்புள்ளித் தேர்வில். செர்கோஸ்போராவுக்கு அது நன்றாகவே இடம் கொடுக்கும். வட அமெரிக்காவில் எரியோஃபைட் என்ற நுண்சிலந்தி பரப்பும் ரோசெட் வைரஸ் வந்தால் அதற்கும் தப்பாது. பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. ஆகவே உங்கள் சிவப்புச் செடியில் இருப்பது கரும்புள்ளி அல்ல என்பது என் ஊகம்.

இனி வாங்குபவர்களுக்கு ஒன்று. ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்றொரு ரோஜாத் தேர்வு இருக்கிறது. 1997 முதல் அந்தச் சோதனைத் திடல்களில் பூச்சி, பூஞ்சை மருந்து எதுவும் அடிப்பதில்லை. அதில் தேறிய வகையின் அட்டையை நான் கொஞ்சம் நம்புவேன். அதுவும் கொஞ்சந்தான், அங்கே இருக்கும் பூஞ்சை இனமும் வெயிலும் எல்லா இடத்திலும் இருப்பவை அல்ல.

தாழ்வாரம்:

இலைகளைப் பறித்துப் பார்த்தேன். மஞ்சள் செடியில் பிசிறு விளிம்பு, விரல்நகம் அளவுக்குக் கரும்பட்டை, சுற்றிலும் மஞ்சள். சிவப்பில் மிளகைவிடச் சிறிய வட்டங்கள், நடுவில் வெளிறிய சாம்பல், விளிம்பு ஊதா. சும்மாயிருப்பவன் சொன்னது சரி.

அந்த ஏழிலைத் துளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மொட்டுக்காரி:

ஏழிலை என்றால் ஒட்டுக்குக் கீழே, நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டியிருக்கும் வேர்ச்செடியிலிருந்து வரும் காட்டுத்துளிர். கிள்ளி எறிந்துவிடுங்கள். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தைத் தின்று தீர்த்துவிடும்.

வேர்பிடித்தவர்:

மொட்டுக்காரி அக்கா, கொஞ்சம் பொறுங்கள். ‘ஐந்திலை வீட்டுரோஜா, ஏழிலை காட்டுரோஜா’ என்ற இந்தக் கணக்கு எத்தனை நல்ல செடிகளைக் காவு வாங்கியிருக்கிறது தெரியுமா? டேவிட் ஆஸ்டினின் ஆங்கில ரோஜாக்கள் பலவற்றில் ஏழிலை சாதாரணம். ருகோசா இனத்தில் ஒன்பதுவரை போகும்.

எண்ணிப் பார்ப்பதைவிடத் தோண்டிப் பார்ப்பது மேல். அடிமண்ணை விரலால் விலக்கினால் ஒட்டுச் செடியில் முண்டாகப் புடைத்த ஓர் இடம் தெரியும். துளிர் அதற்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் ரகத்தின் அடித்தண்டு; செடியின் வருங்காலமே அதுதான், தொடாதீர்கள். முண்டுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால் காட்டுத்துளிர். அதைக் கத்தரியால் வெட்டினால் அடிக்கண்கள் மண்ணுக்குள் எஞ்சி, ஒன்றுக்கு மூன்றாக வரும். வேரோடு சேரும் இடம்வரை மண்ணை எடுத்துவிட்டு, கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுக்க வேண்டும்.

முண்டே இல்லாவிட்டால் செடி சொந்த வேரில் நிற்கிறது. எங்கிருந்து துளிர் வந்தாலும் அதே ரகந்தான். தாழ்வாரம், பழைய தண்டில் உள்ள முள்ளும் துளிரில் உள்ள முள்ளும் ஒரே மாதிரியா?

தாழ்வாரம்:

தோண்டிவிட்டேன். முண்டு எதுவும் இல்லை. துளிர் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து வருகிறது. முள்ளும் அதே ஊசிமுள். இலையும் இப்போதே சுருங்கத் தொடங்கியிருக்கிறது.

வேர்பிடித்தவர்:

அப்படியானால் ருகோசா, சொந்த வேரில். கிழக்காசியக் கடற்கரை மணலில் இயல்பாக வளர்வது. அடியில் ஓடிப் பரவுவது அதன் குணம். உப்புக்காற்றும் கடுங்குளிரும் தாங்கும். ஓயாத வெப்பத்தில் மட்டும் சோர்ந்துவிடும். பூவைக் கிள்ளாமல் விட்டால் சிறு தக்காளி அளவில் சிவந்த காய் வைக்கும்.

முக்கியமான ஒன்று: மற்றவற்றுக்கு எந்த மருந்தை அடித்தாலும் இதன்மேல் படவிடாதீர்கள். ருகோசா இலை பல மருந்துகளுக்குக் கருகிவிடும். அதற்கு மருந்தும் தேவைப்படுவதில்லை.

மொட்டுக்காரி:

முள்ளும் ஒத்துப்போகிறது என்றால் சரி, இருக்கட்டும். ஆனால் சொந்த வேர்தான் உயர்ந்தது என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறதே, அதை நான் ஏற்க மாட்டேன். சொந்த வேரில் நிற்கும் செடி முதல் ஓரிரு ஆண்டுகள் நோஞ்சானாகவே கிடக்கும். ஒட்டுச்செடி நட்ட ஆண்டிலேயே பாத்தியை நிரப்பும்.

மண்ணும் ஒரு காரணம். ரோஜாவுக்குப் பிடித்த கார அமில நிலை 6.0 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்துளிர் வெளுக்கும். மல்டிஃப்ளோரா வேர்ச்செடி அங்கே திணறும், கனைனா சமாளிக்கும். நூற்புழு நிறைந்த மணலில் ஃபார்ச்சூனியானா வேரில் ஒட்டிய செடி நிற்கும் அளவுக்குச் சொந்த வேர்ச்செடி நிற்பது அரிது. மண்ணைப் பார்த்து வேரைத் தேர்ந்தெடுப்பது தோட்டக்காரனின் அறிவு. அதை வெறும் வணிகத் தந்திரம் என்று தள்ளிவிடக் கூடாது.

வேர்பிடித்தவர்:

மண் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் புதர் என்பது பத்து, இருபது ஆண்டுக் கணக்கு. கடும்பனியோ செதில்பூச்சியோ மேல்பகுதியை அடியோடு அழித்தால் ஒட்டுச்செடியில் மிஞ்சுவது வேர்ச்செடி மட்டுமே. சொந்த வேரென்றால் அதே ரகம் மீண்டும் எழும். அந்த ஓரிரு ஆண்டுப் பொறுமை வீணல்ல.

தவிர, போத்து வைத்து நாமே பெருக்கிக்கொள்ளலாம். பூத்து உதிர்ந்த தண்டில் பென்சில் பருமன், 15 முதல் 20 சென்டிமீட்டர். மேலே இரண்டு இலை விட்டு மற்றதைக் கழித்து, பாதி நீளம் புதையும்படி ஈரமணலில் செருகி, நிழலில் மூடி வைத்தால் பெரும்பாலான புதர் ரகங்கள் வேர்விடும்.

இலைவைத்தியர்:

வேர்ச்சண்டை தொடரட்டும். எனக்குக் கவலை பாத்தியின் நடுவே பட்டுப்போன அந்தப் பழைய செடி. ரோஜா நெடுநாள் நின்ற அதே குழியில் புது ரோஜாவை நட்டால், உரம் எவ்வளவு கொடுத்தாலும் பல செடிகள் தேறாமல் குறுகிப்போகும். மண்ணில் சேர்ந்துவிட்ட நுண்ணுயிர்கள் பழைய, பெரிய வேரை ஒன்றும் செய்வதில்லை, இளவேரைப் பதம்பார்த்துவிடும். நடுப்பகுதியை விட்டு நடுங்கள். இல்லையென்றால் 45 சென்டிமீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண்ணை மாற்றுங்கள். அந்தப் பழைய மண் வேறு செடிகளுக்குத் தாராளமாக ஆகும்.

கத்தரிக்கோல்:

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். ஐந்து மீட்டரில் இரு முனைகளில் மஞ்சளும் சிவப்பும், நடுவைத் தவிர்த்து இடையில் எங்காவது மூன்றாவது என்று வைக்கலாம். ருகோசா பரவும் என்பதால் மற்றவற்றிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் விடுங்கள். சுவரடி மண்ணில் மழை சரியாக விழாது, காற்றும் தேங்கும். கிழக்குச் சுவர் என்பது நல்லது. காலை வெயில் முதலில் பட்டு இலை ஈரம் சீக்கிரம் காயும். மொத்தம் ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பெரிதாக இருந்தால் ஒரே ரகத்தில் மூன்று செடிகளை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடலாம். மூன்றும் கலந்து ஒரே பெரும்புதராகத் தெரியும். ரகத்துக்கு ஒன்றாகக் கண்காட்சிபோல நடுவதைவிட அது எனக்குப் பிடிக்கும்.

சும்மாயிருப்பவன்:

கத்தரிக்கோல் ஐயா ‘வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு மேல் கால் அங்குலத்தில் சாய்வாக வெட்டுக’ என்று இன்னும் சொல்லவில்லை என்பது வியப்பு. பிரிட்டனின் ரோஜா சங்கம் ஒருமுறை பாத்திகளை வேலி வெட்டும் இயந்திரத்தால் தட்டையாகச் சீவிப் பார்த்தது. பார்த்துப் பார்த்து வெட்டியவற்றுக்கு அவை பூப்பதில் சளைக்கவில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

கத்தரிக்கோல்:

பூத்தன, மறுக்கவில்லை. அப்படியே பல ஆண்டுகள் சீவினால் நடுவில் குச்சியும் காய்ந்த கட்டையும் அடைந்து காற்று நுழையாது. அப்போது இலைவைத்தியரைக் கூப்பிட வேண்டியிருக்கும். சீவுங்கள், ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே கைவிட்டு அந்தக் கட்டைகளை எடுங்கள். சாய்வு வெட்டைப் பற்றி எனக்கும் பெரிய பற்று கிடையாது. கத்தரி கூர்மையாக இருந்தால் போதும்.

மேல்வெயில்:

நான் தாமதமாக வருகிறேன். எல்லோரும் மஞ்சள் செடியை மறந்துவிட்டீர்கள். இந்த இழையில் உண்மையான சிக்கல் அதுதான்.

‘கிரஹாம் தாமஸ்’ 1983இல் வந்த ஆங்கில ரோஜா. பழைய ரோஜாவின் உருண்டைப் பூவும் புதியவற்றின் மறுபூப்பும் சேர்ந்த வகை. குளிர்ச்சியான இடத்தில் நெஞ்சளவுப் புதராக நிற்கும். வெப்பமான இடத்தில் ஓய்வே இல்லாமல் வளர்ந்து, இரண்டரை, மூன்று மீட்டர் சாட்டைகளை வீசும். கொடிரோஜா என்றே சொல்லலாம். உச்சியில் மட்டும் பூப்பதற்குக் காரணம், நுனிமொட்டு ஆக்சின் என்ற பொருளைக் கீழே அனுப்பிப் பக்கக்கண்களைத் தூங்கவைப்பது. வெட்டினால் என்ன ஆகும்? அடுத்த கண் நுனியாகி அதே வேலையைச் செய்யும். இரண்டு சாட்டை நான்கு சாட்டையாகும், பூ மறுபடி உச்சியில்.

வெட்டாமல் வளையுங்கள். தண்டைப் பக்கவாட்டில் சாய்த்து, வில்போல, ஏறத்தாழத் தரைக்கு இணையாகக் கட்டினால் நுனியின் அதிகாரம் தளர்ந்து, வளைவின் மேல்பக்கக் கண்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முதலில் இலைக்கணுவில் சிவந்த புள்ளி. பிறகு செப்பு நிறத் துளிர். அது ஒரு சாண் வளர்ந்ததும் அதன் முனையில் மொட்டு. ஒரு தண்டில் ஒரு கொத்து இருந்த இடத்தில் கணுதோறும் கொத்து வரும். ஐந்து மீட்டர் பாத்தியில் அதற்கு இடமும் தாராளமாக இருக்கிறது.

வெப்பமான இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ‘ஓல்டு பிளஷ்’, ‘மியூட்டபிலிஸ்’ போன்ற சீனத்து ரோஜாக்களை ஆங்கில ரோஜாக்களுக்கு முன் யோசியுங்கள். ‘மியூட்டபிலிஸ்’ பூ மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பாக முடியும். ஒரே செடியில் மூன்றும் சேர்ந்தே இருக்கும். இவை தண்டில் சத்தைச் சேர்த்து வைப்பவை, கடுங்கவாத்தை வெறுப்பவை. இந்தியாவில் வீரராகவன் என்பவர், ஈரமும் வெப்பமும் தாங்கும் கிளைனோஃபில்லா, உயரமாகப் படரும் ஜைஜான்டியா ஆகிய காட்டினங்களைச் சேர்த்து வெப்பநாட்டுக்கென்றே ரகங்கள் உருவாக்கியதும் இந்தக் குறையைப் போக்கத்தான். குளிர்நாட்டுச் செடியைக் கொண்டுவந்து ஏன் வாடுகிறது என்று கேட்பதில் பயனில்லை.

மொட்டுக்காரி:

வளைப்பது அருமையான யோசனை. உரத்தைப் பற்றி ஒரு வரி: தழைச்சத்தை வாரி இறைக்காதீர்கள். கொழுகொழுவென்று வரும் துளிரில்தான் அசுவினியும் சாம்பல்நோயும் முதலில் இறங்கும். மக்கிய தொழுவுரம், ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் அளவாகக் கலப்பு உரம், போதும். அசுவினியை நீரைப் பீய்ச்சியே தள்ளலாம், காலையில். பொறிவண்டின் குஞ்சு கறுத்து, முதலை வடிவத்தில் ஊரும். அதைப் பூச்சியென்று நசுக்கிவிடாதீர்கள், அசுவினியைத் தின்ன வந்தது அது.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. முடிவு இது: மருந்து இப்போதைக்கு இல்லை, உதிர்ந்த இலையைப் பொறுக்கி மூடாக்குப் போடுகிறேன். சிவப்பு இடது முனையில். மஞ்சள் வலது முனையில், தண்டுகள் சுவரோடு இணையாகச் சாயும்படி. ருகோசா சிவப்புப் பக்கமாக, பழைய குழியைத் தொடாமல். துளிர் இருக்கட்டும்.

இரண்டு கேள்விகள் மிச்சம். வாடிய பூவைக் கிள்ள வேண்டுமா? தண்டை வளைக்கும்போது முறிந்துவிடாதா?

கத்தரிக்கோல்:

‘நாக் அவுட்’ தானாகவே உதிர்த்துக்கொள்ளும், விட்டுவிடலாம். மஞ்சளில் வாடிய கொத்தை அதன் முதல் நல்ல இலைக்கு மேலே எடுங்கள்; ஐந்திலை தேடிக் கீழே இறங்கி வெட்டினால் இலை வீணாகும், இப்போது அதற்கு ஒவ்வோர் இலையும் தேவை. ருகோசாவில் காய் வேண்டுமென்றால் தொடாதீர்கள்.

மேல்வெயில்:

காலையில் நீர் ஏறி விறைத்திருக்கும் தண்டு முறியும். பிற்பகலில் சற்றுத் துவண்டிருக்கும்போது வளையுங்கள், அதுவும் ஒரே நாளில் முழுவதும் வேண்டாம். ஒரு கையால் அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கொஞ்சம் சாய்த்துக் கட்டுங்கள். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம். கம்பி வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். பழைய துணிநாடாவைத் தண்டையும் ஆணியையும் சுற்றி எட்டுப்போல் தளர்வாகக் கட்டுங்கள். ஆனால் புதிதாக நட்ட செடியை உடனே இழுத்தால் வேர் ஆடிவிடும். நட்டு, புதுத்துளிர் விட்டபிறகு தொடங்குங்கள்.